சத்தமில்லாமல் பார்த்த கூடார ஆஸ்பத்திரி

திருவண்ணாமலை,
25-11-1986

அன்பு மகள் சந்திரகலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பில் பெரிய குறை இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ குளிரில் விறைக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தில் படித்தால்தான் நம்புவேன். இதுவரை எல்லாக் கடிதத்தையும் உன் அம்மாதான் எழுதினாள். அடியில் அப்பாவும் விசாரித்தார் என்று ஒரு வரி சேர்ப்பாள். நான் விசாரிக்கவில்லை, அது அவளாகச் சேர்த்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மெட்ராஸுக்குப் போய் மிலிட்டரி நர்ஸ் இன்டர்வியூ கொடுத்துவிட்டு, ஆர்டர் வந்த பிறகு ஆசீர்வாதம் கேட்ட மகளை நான் எதற்கு விசாரிக்க வேண்டும். அந்த வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. கடிதம் எழுதுகிறேன் என்பதால் கரைந்துவிட்டது என்று நினைக்காதே. ஆனால் போன கடிதத்தில் நீ ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். லடாக்கில் பனிமலைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நர்ஸுகள் வேண்டும், கட்டாயம் இல்லை, விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம், அப்பா சரி என்றால் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் ஜம்முவிலேயே இருந்துவிடுகிறேன் என்று. கேள்வி என்னைக் கேட்டது, பதிலை உன் அம்மா எழுத முடியாது. அதற்கு முன் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும், அது கொஞ்சம் நீளம்.

தீபத்துக்குக் கொடி ஏறுமுன்பே ஊரில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நம் சைக்கிள் கடையில் வாடகை வண்டி ஒன்றுகூட நிற்பதில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி ஜாஸ்தி, நீ அனுப்பிய தைலத்தைத் தேய்க்காமல் பத்திரமாக வைத்திருக்கிறாள். நீ மிலிட்டரி கேன்டீனில் வாங்கி வந்து இறக்கிய டிவி பெட்டி நன்றாக இருக்கிறது. நான் அதைக் கேட்கவில்லை என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். மொட்டை மாடியில் நீளமான குழாய் நட்டு ஆன்டெனா கட்டியதில், காற்று அடிக்காத நாளில் மெட்ராஸ் ஓரளவு தெரிகிறது. இந்தியில் ஏதாவது வந்தால் நான் அணைத்துவிடுவேன். அறுபத்தைந்தாம் வருடம் அதை எதிர்த்து வேலூர் ஜெயிலில் இருந்தவன், என் வீட்டுக்குள்ளேயே அதை உட்காரவைத்துக் கேட்பேனா.

இரண்டு மாதம் முன்பு ஒரு வியாழக்கிழமை அப்படி அணைக்கப் போனேன். திரையில் ஒரு கூடாரம், அதிலிருந்து வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண் கையில் தட்டோடு வெளியே வந்தாள். உன் அம்மா, இருங்க இருங்க, நம்ம கலா மாதிரியே தொப்பி வச்சிருக்குது பாருங்க என்று என் கையைப் பிடித்துவிட்டாள். அணைத்தால் அவள் மனசு நோகும், விட்டால் என் கொள்கை போகும். அதனால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டேன். படத்துக்கு மொழி கிடையாது, பார்த்தால் குற்றமில்லை. அன்றிலிருந்து எல்லா வியாழக்கிழமையும் நம் வீட்டில் அந்தத் தொடர் சத்தமில்லாமல்தான் ஓடுகிறது. அதன் பெயர் இந்தியில் இருப்பதால் நான் எழுத மாட்டேன். நாங்கள் கூடார ஆஸ்பத்திரி என்று சொல்கிறோம். நீ அங்கே பார்க்கிறாயோ இல்லையோ, அதனால் சொல்கிறேன். யுத்தகாலம், மலையடிவாரம், ஆற்றங்கரையில் ஏழெட்டுக் கூடாரம், அதுதான் ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர் இரும்புத் தொப்பியைக் கவிழ்த்து மண் போட்டுக் கொத்தமல்லி வளர்க்கிறான். இன்னொருவன் நாளெல்லாம் கேரம் ஆடுகிறான், தோற்கப் போனால் பலகையையே கவிழ்க்கிறான். பெரிய அதிகாரி குளிக்கப் போனால் அவர் துணியை ஒளித்துவைக்கிறார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, ஆஸ்பத்திரியில் இன்னா கூத்து இது என்றேன். பிறகு ஒன்று நடந்தது. எல்லோரும் கேலி செய்துகொண்டிருக்கும்போதே அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. ஜீப்பில் அடிபட்டவர்கள் வருகிறார்கள். எங்களுக்கு ஹார்ன் கேட்காது, தலை திரும்புவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். அடுத்த நொடி அந்தக் கோமாளிகள் ஒருவனும் அங்கே இல்லை. கேரம் பலகையில் காய் பாதியில் நிற்கிறது, இவர்கள் முழங்கை வரைக்கும் ரத்தத்தோடு நிற்கிறார்கள். வேலை முடிந்து கை கழுவும்போது மறுபடி ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள், ஆனால் கண் சிரிப்பதில்லை. சத்தம் இல்லாததால் அந்த முகங்களை நான் நன்றாகப் பார்த்தேன். எத்தனையோ சினிமா பார்த்திருக்கிறேன், வேலை செய்கிற மனிதனின் களைப்பை இப்படிக் காட்டி நான் பார்த்ததில்லை. எடுத்தவன் எவனோ, பெரிய ஆள்.

குறை இல்லாமல் இல்லை. அதில் சமையல்காரன் ஒருவன் மதராஸியாம். உடம்பெல்லாம் விபூதி, தூக்கிக் கட்டிய லுங்கி, எப்போது பார்த்தாலும் தடுக்கி விழுகிறான். நம் ஆள் என்றால் விழுந்துகொண்டே இருப்பானா. டெல்லிக்குத் தமிழிலேயே கார்டு எழுதிப் போட்டேன், பதில் இல்லை. இதற்குள் தெருவில் பாதிப் பேர் வியாழக்கிழமை நம் வீட்டில்தான். கதையை நான்தான் விளக்கிச் சொல்வேன். பூக்கார பச்சையம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, அண்ணா அது இன்னா சொல்லுது, இது ஏன் அழுவுது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு வாரம் அந்தச் சமையல்காரனை முகம் மூடிப் படுக்கவைத்திருந்தார்கள். செத்துப்போனான் என்று சொன்னேன். பச்சையம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே போய்த் தலைமுழுகினாள். அடுத்த வாரம் அவன் பூரி சுட்டுக்கொண்டிருந்தான். அது அவன் தம்பி என்று சொல்லிச் சமாளித்தேன். தம்பிக்கும் அதே எடத்துல மரு இருக்குதே அண்ணா என்று கேட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் வந்த அதே வாரம், தொடரில் உன் மாதிரி இருக்கிறாள் என்று அம்மா சொன்ன அந்த நர்ஸ் பெட்டியைக் கட்டினாள். எல்லோரும் அவளைச் சுற்றி நின்று மாலை போட்டார்கள், சமையல்காரன் இனிப்புச் செய்து கொண்டுவந்தான். அவள் தோளை ஒடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, சின்னச் சின்ன அடி வைத்து நடந்து காட்டினாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணீரோடு ஜீப்பில் ஏறினாள். பார்க்கிற எவனுக்கும் புரியும், கல்யாணத்துக்குப் போகிறாள், வெட்கப்படுகிறாள். அப்படித்தான் தெருவுக்குச் சொன்னேன். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலையை விட்டுவிட்டு எவ்வளவு சந்தோஷமாகப் போகிறாள் பார் என்று நினைத்தேன். இரண்டு நாளில் கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் மாமன் சின்னசாமி வந்தார். கரண்டு ஆபீஸில் லைன்மேனாக இருக்கும் தன் மகன் சகாதேவனுக்கு உன்னைக் கேட்டார், நீ வேலையை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வாங்க, பேசி முடிச்சிடலாம் என்று வாக்கு கொடுத்தேன். லடாக் கேள்விக்கு இதுவே பதில் என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை, போன வாரம்தான், வேங்கிக்கால் ராமதாஸ் சைக்கிளுக்கு டயர் மாற்ற வந்தவர் வீட்டுக்குள் வந்தார். பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்தி தெரியும். நாங்கள் இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு ஊமைப் பெட்டியைப் பார்ப்பதைக் கண்டு, இன்னா அப்பாதுரை அண்ணே, பொட்டி கெட்டுப்பூட்ச்சா என்றார். கெடல, கொள்கை என்றேன். உங்க கொள்கைக்கு நான் குறுக்க வரல, இந்தி என் காதுல வுழட்டும், நீங்க காத மூடிக்கோங்க, நான் தமிழ்ல சொல்றேன் என்று திருகிச் சத்தம் வைத்துவிட்டார். நான் காதை மூடவில்லை. வீட்டுக்கு வந்தவர் முன்னால் அது மரியாதை இல்லை. திரையில் அந்த நர்ஸ் இன்னும் உயரத்தில், பனிக்கு நடுவே ஒரு கூடாரத்தில் இருந்தாள். கல்யாணத்துக்குப் போன பொண்ணு மலைமேல இன்னா பண்ணுது என்று பச்சையம்மாள் கேட்டாள். ராமதாஸ், எந்தக் கல்யாணம் என்றார். அவர் அதற்கு முந்தின வாரத்துக் கதையைப் பட்டாளத்துக்காரர் சங்கத்து டிவியில் சத்தத்தோடு பார்த்தவர். அவள் கல்யாணத்துக்குப் போகவில்லையாம். மேலே ஆள் வேண்டும் என்றபோது அவளே கேட்டு வாங்கிக்கொண்டு போனாளாம். அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை, என் பொண்டாட்டி எனக்குப் பின்னால் தலை குனிந்து நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். அவன் விரும்புகிற மாதிரி நடந்து காட்டித்தான் அவள் எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறாள். எங்களுக்கு அது வெட்கமாகத் தெரிந்தது. தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. இதில் என் தவறு ஒன்றுமில்லை. தமிழ்நாட்டுக்குக் காட்டுவதைத் தமிழில் காட்டியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

அன்று அந்தக் கூடாரத்துக்கு வயிற்றில் குண்டு பட்ட சிப்பாய் ஒருவனைத் தூக்கிவந்தார்கள். பனியில் பாதை மூடி டாக்டர் வர முடியவில்லை. இவள் ஒருத்தியாகக் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறாள், அவன் அந்த வலியிலும் சிரிக்கிறான். அதுவரை எல்லாவற்றையும் தமிழில் சொல்லிவந்த ராமதாஸ் நிறுத்திவிட்டார். இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு என்று நானே கேட்டேன். அவர் அதைச் சொல்லவில்லை. எழுபத்தொண்ணு சண்டையில எனக்குத் தாடையிலும் தோளிலும் குண்டுச் சில்லு பாஞ்சிது அண்ணே என்று ஆரம்பித்தார். இதே மாதிரிக் கூடாரந்தான். கேரளாக்கார நர்ஸுப் பொண்ணு ஒண்ணு, தையல் போட வசதியா மீசைய மழிச்சிது. ஒரு பக்கத்த மழிச்சிட்டுக் கத்திய வச்சிட்டுது. மீதிய நாளைக்கு எடுக்கறேன், அதுவரைக்கும் சாவக் கூடாதுன்னுச்சு. பாதி மீசையோட எவன் அண்ணே சாவான், ஊர்ல சிரிக்க மாட்டாங்களா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் கை தோளைத் தடவிக்கொண்டே இருந்தது. மறுநாள் அந்தப் பெண் மறக்காமல் வந்து மறுபாதியை மழித்தாளாம். இப்படிப்பட்ட வேலையிலிருந்து ஒரு பெண்ணை இறக்கிக் கூட்டிவந்து கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை உரிக்க உட்காரவைக்கவா நான் வாக்கு கொடுத்தேன் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். தட்டைக் கீழே வைக்கும் முன்பே நான் கேட்டேன், மச்சான், கலா வேலைய வுடாது, சகாதேவனுக்கு சம்மதமா என்று. அந்தப் பையன் அவன் அப்பா முகத்தைப் பார்த்தான். சின்னசாமி, ஆம்பளைங்க உடம்பத் தொட்டுக் கழுவற வேலைங்க மாமா, இத்தினி நாளு உங்க பொண்ணாச்சேன்னு பேசாம இருந்தோம், நம்ம வீட்டுக்கு வந்தப்புறம் அது எதுக்கு என்றார். உன் புள்ள கரண்டு கம்பத்துல ஏர்றான், நான் ஏறாதேன்னு சொன்னேனா என்றேன். டிவியப் பாத்துட்டுப் பேசறீங்க, அது கதைங்க மாமா என்றார். கதைதான், ஆனா ராமதாஸோட மீசை கதை இல்லையே என்றேன், அவருக்குப் புரியவில்லை. கடைசியில், வாக்கு கொடுத்தீங்களே, அப்பாதுரை பேச்சு மாற மாட்டார்னுதானே வந்தோம் என்று கூட்டத்துக்கு நடுவே கேட்டார். என்னை அப்படிக் கேட்டவர் இதுவரை யாரும் இல்லை. அது சத்தம் இல்லாம பாத்துட்டுக் கொடுத்தது மச்சான், இப்ப சத்தத்தோட சொல்றேன், என் பொண்ணு வேலைய வுடாது என்றேன். தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வாழைப்பழம்கூட வைத்துவிட்டுப் போகவில்லை. உன் அம்மா போட்ட காபியைத் தொடவும் இல்லை.

உன் அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கூடப் பிறந்தவன் உறவை ஒரு பொட்டிக்காக அறுத்துட்டாரு என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். அது அவளுக்குப் பெரிய இழப்புதான், நான் மறுக்கவில்லை. நீ அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, மாமன் பேச்சை எடுக்காமல் எழுது. கொஞ்ச நாள் போகட்டும், கன்னியம்மாள் சித்தியை விட்டுச் சமாதானம் பேசச் சொல்கிறேன். நான் போக மாட்டேன். இந்தியைப் பற்றிய என் முடிவிலும் மாற்றம் இல்லை. வியாழக்கிழமை அந்த அரை மணி நேரம் மட்டும், அதுவும் ராமதாஸ் வந்திருந்தால், சத்தம் உண்டு. செய்திக்குக் கிடையாது.

உங்கள் ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் சிரிக்கிறீர்களா, மழுப்பாமல் எழுது. ராத்திரி டியூட்டி முடிந்தால் உடனே படுத்துத் தூங்கு. காலுறையை ஈரத்தோடு போடாதே. தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே, நர்ஸுக்கே சொல்கிறேன் என்று சிரிக்காதே. மேலதிகாரி தப்பாகப் பேசினால் தலை குனியாதே, நீயும் அதிகாரிதான்.

உன் கேள்விக்குப் பதில். வேலையில் சேரும்போது கேட்காதவள் இப்போது கேட்டிருக்கிறாய், அதற்காகச் சொல்கிறேன். பெயர் கொடு. போய் வா. உன் கையில் வந்து சேருகிறவர்கள் எல்லோரும் பிழைத்து எழுந்து போகட்டும், நீயும் எந்தக் குறையும் இல்லாமல் நீடு வாழ்க. உன் அம்மா அருணாசலேசுவரரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள், நான் தடுக்கவில்லை.

ஒன்றை மறந்துவிடாதே. நேற்று உன் அம்மா பேசாமலே ஒரு பார்சலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே எள்ளுருண்டை, பருப்புப் பொடி, கடைத்தெருவில் தேடிப் பிடித்த கனத்த சால்வை ஒன்று. நன்றாகத் தைத்து, மேலே விலாசம் எழுத வெள்ளைத் துணி வைத்திருக்கிறாள். ஜம்மு விலாசத்தை எழுதப் பேனாவை எடுத்தேன். என் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதனால் பார்சல் இங்கேயே இருக்கிறது. புது விலாசத்தை உடனே எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
சை. அப்பாதுரை