ஊசி பற்றி நீங்கள் சொன்ன சொல்

அன்பான செல்வி அத்தைக்கு,

இதில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். உங்களுக்குப் பிடிக்காததையும்தான்.

அம்மாவின் மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. கேன்சர்தானா என்று இன்னும் தெரியாது. ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். "ஊசி குத்தினதாலதான் எனக்குக் கேன்சர் பரவிருச்சு. நீயாச்சும் ஊசிக்கு ஒடம்பக் குடுத்துறாத" என்று உங்கள் கடைசி நாட்களில் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னீர்களே. நீங்கள் இருந்தபோது உங்கள் பேச்சு ஒன்றையும் கேட்காத அம்மா, இதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

நான் இப்போது உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். உடம்பின் கலங்களில், அதாவது செல்களில், ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பரம்பரையலகுகள்தான், ஜீன்கள்தான், இருக்கின்றனவாம். அவற்றில் எதைப் பிரதி எடுப்பது, எதை நிறுத்துவது என்று சில புரதங்கள் தீர்மானிக்கின்றன. கண்ணின் கலம் கண்ணுக்கு வேண்டியதை எடுக்கும். தோல், தோலுக்கு வேண்டியதை.

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டை வைத்தே அம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: "காலையில பெரட்டுல எல்லாரும் நிப்பாங்க. கங்காணி பேர் கூப்பிட்டவங்கதானேம்மா மலைக்குப் போவாங்க? கேன்சர்ல அந்தக் கூப்பிடுறது கெட்டுப்போகுது. 'பெருகு, பெருகு'ன்னு சொல்ற ஆளையே ஓயாம கூப்பிடும்."

"வேல முடிஞ்சும் வாய மூடாத கங்காணியா?" அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிசெய்தபடி கேட்டார். "ஒங்க அத்த மாதிரி."

கோபிக்காதீர்கள். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

"அப்ப ஊசி?"

"கூட்டம் ஏன் கூடுதுன்னு எட்டிப் பாக்குறதும்மா. எட்டிப் பாத்ததாலயா கூட்டம் கூடுச்சு?"

அம்மா கூடையைக் கீழே வைத்தார். பிறகு, "அண்ணி சாகும்போது சொன்ன சொல்லு" என்றார். அதற்கு என் பாடப் புத்தகத்தில் விடை இல்லை. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஊசியால் பரவவில்லை, அத்தை. ஊசி குத்தும் முன்பே பரவியிருந்தது. அத்தனை மாதங்கள் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தீர்களே, பயத்தினால்தானே? நாங்களாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

இன்று விடியும் முன் அம்மா உங்கள் படத்தின் முன்னால் நின்றார். "ஒரு தடவ ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துர்றேன் அண்ணி. கோவிச்சுக்காதீங்க" என்றார். அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், அத்தை. அவர் லேசான மனதோடு போகட்டும்.

ஆஸ்பத்திரியில் என்னை அனுமதிக்கும் இடம் வரைக்கும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். முடிவு எதுவானாலும் உங்களிடம் மறைக்காமல் வந்து சொல்வேன். இந்த வீட்டில் இனி யாரையும் மறைக்க விடமாட்டேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. அம்மாவே லைட்டை அணைத்துவிட்டார்.

உங்கள் தம்பி மகள்,
தர்ஷினி