நாலு நாளை ஒரு நாள் என்று சொன்னேன்

என் அப்புக்குட்டிக்கு,

ஊருக்கு நீ சங்கு குளிக்கிற அந்தோணி. அக்காவுக்கு எப்போதும் அப்புக்குட்டிதான். பிழை இருந்தால் சிரிக்காதே, அஞ்சாவதோடு நின்றவள் நான்.

கடலிலிருந்து இருமலும் காய்ச்சலுமாக வந்தாய். முங்கிவிட்டு வந்தால் உனக்கு நெஞ்சு கனப்பது வழக்கம்தானே. தைலம் தேய்த்துக் கஞ்சி கொடுத்தால் ரெண்டு நாளில் எழுந்துவிடுவாய். இதுவும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸ் நம் வாசலில் நின்றார். “ஏளா, சும்மா படுத்திருக்கும்போதே இப்படி மூச்சு வாங்குதே. இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்றார்.

“இவனுக்கா மூச்சு? கடலுக்கடியில கிடந்து சங்கு பொறக்கிட்டு வாரவன், சிஸ்டர். இவன் மூச்ச அடக்குனா நீங்க ஒரு உலை வச்சு இறக்கிரலாம்” என்று கேலி பேசி அனுப்பினேன். நீயும் சிரித்தாய். பாதிச் சிரிப்பில் விலாவைப் பிடித்துக்கொண்டாய். அதை நான் பார்த்தேன், அப்பு. பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

மறுநாள் காலையில் என்னை “அம்மா” என்று கூப்பிட்டாய். “ஏலே, அக்காவுக்கு அவ்வளவு வயசா ஆயிட்டு?” என்றேன். கிட்டே வந்து பார்த்தேன். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. அப்புறம்தான் ஆட்டோவுக்கு ஓடினேன்.

“எத்தனை நாளா இப்படி?” என்று டாக்டர் கேட்டார். “நேத்துல இருந்துதான்” என்றேன். திட்டுவாரே என்ற பயம். நர்ஸ் சொல்லியும் கேட்காத வெட்கம். நிமோனியா என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள்கூட நீ இருக்கவில்லை. இந்தப் பொய்யைப் பங்குச் சாமியாரிடம்கூட நான் சொல்லவில்லை.

போன வாரம் எதிர்வீட்டு சூசை மாமா இருமிக்கொண்டு கிடந்தார். ஒரு பேச்சை முடிப்பதற்குள் மூணு தடவை மூச்சு வாங்கியது. மாமி “நாளைக்குப் பாப்போம்” என்றாள். “இப்படித்தான் நானும் இருந்தேன், என் தம்பியப் பொதைச்சேன். கிளம்புங்க” என்றேன். ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் என்று டாக்டர் கேட்டதும் முந்திக்கொண்டு “அஞ்சு நாளாச்சு” என்றேன். இப்போது மாமா வீட்டுக்கு வந்து, குழம்பில் புளி போதவில்லை என்று சண்டை போடுகிறார். மாமி என் கையைப் பிடித்து அழுதாள். எனக்குக் கூசியது, கையை இழுத்துக்கொண்டேன்.

இனி இந்தத் தெருவில் யாருக்கு மூச்சு முட்டினாலும் நான் போய் நிற்பேன். நாளைக் குறைத்துச் சொல்ல யாரையும் விடமாட்டேன். உன் கல்லறை மேல் ஆணை.

அன்றைக்கு நான் “நேத்துல இருந்துதான்” என்றபோது நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். அது உன் காதில் விழுந்ததா, அப்பு?

உன் கூடப்பிறந்தவள்,
மரியக்கா