அறுக்கப் போன வாப்பா

அலவத்துகொட,
நவம்பர் 12.

அன்பு மகன் அஹ்னாபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் தங்கச்சி ஆஸிகாவும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்குச் சுகம். மனதைப் பற்றிக் கேட்காதே, நானும் உன் மனதைப் பற்றி இப்போதைக்குக் கேட்கவில்லை. நீ மூன்று வேளையும் சாப்பிடுகிறாய் என்று யாராவது சொன்னால் போதும். நீ போன் எடுப்பதில்லை, நான் அனுப்பும் வொய்ஸ் மெசேஜ் ஒன்றையும் திறப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு ஹபீல் நீ இருக்கிற டர்பன் நகரத்துக்கு வருகிறான். உன் வாப்பா போன பிறகு இத்தாக் கடமையில் வீட்டோடு இருக்கிற நான் அவனோடு பேச முடியாது, அவனுடைய உம்மாவிடம் கொடுத்து, உன் கையிலேயே தர வேண்டும், நீ பிரிக்கும்வரை அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. அக்குறணையில் வழமைபோல் வெள்ளம், ஆஸிகாவின் பஸ் எங்கெங்கோ சுற்றி வருகிறது. அவளுக்கு அடுத்த கிழமை பள்ளிக்கூடச் சோதனை. விஞ்ஞானத்தில் சந்தேகம் வந்தால் முந்தி வாப்பாவிடம் போவாள், இப்போது என்னிடம் வருகிறாள். நான் கணித டீச்சர், தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று எனக்கென்ன தெரியும்? ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிழையாகத்தான் சொல்லியிருக்கிறேன், அவளும் தெரிந்துகொண்டே அதை எழுதிக்கொண்டு போனாள்.

நீ தங்கியிருக்கிற வீட்டு ருஷ்தி சாச்சா எல்லாம் சொன்னார். நீ இறைச்சியைக் கையால் தொடுவதில்லை, வெள்ளிக்கிழமை தோறும் நாலு மணித்தியாலம் வண்டி ஓட்டி, அங்கேயே அடக்கிய வாப்பாவின் கப்றடிக்குப் போய் வருகிறாய், ஊருக்கு டிக்கட் எடுத்துத் தருகிறேன் என்றால் எழும்பிப் போய்விடுகிறாய் என்று. ஒருநாள் மட்டும், நான் எந்த முகத்தோட உம்மாக்கு முன்னுக்குப் போய் நிக்கிற சாச்சா, வாப்பாவக் கூப்பிட்டது நான்தானே என்று கேட்டாயாம். அதைக் கேட்ட நாளிலிருந்து இதை எழுத நினைக்கிறேன். பிந்திவிட்டேன் மகன். நாலு மாதம் பிந்துவது சின்னப் பிழையல்ல, அதை மறைக்கப் போவதில்லை.

அந்தக் காலையை முதலில் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்குப் பாதிதான் தெரியும். சாச்சாவின் மாமனார் குடும்பம் வருசா வருசம் அங்கத்தைய ஜூலைக் குளிர்கால விடுமுறைக்கு அந்தப் பண்ணைக்கு வேட்டைக்குப் போவது, எங்களையும் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். அவர்களில் குற்றமில்லை. இரண்டாம் நாள் அவர்களுடைய மருமகன் சுட்ட மான் கழுத்தில் கத்தி படுவதற்கு முந்தியே செத்துப்போனது உனக்கு ஞாபகமிருக்கும். உயிரோடு அறுபடாததை நாங்கள் சாப்பிடுவதில்லையென்று முழுவதையும் பண்ணை ஆட்களுக்குக் கொடுத்தார்கள், அந்தப் பிள்ளையின் முகம் வாடிப்போனது. அடுத்த நாள் உன் முறை. சுபஹ் தொழுதுவிட்டு நாங்கள் பெண்கள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றோம், வாப்பா குளிருக்குக் கையை உரசிக்கொண்டு வந்தார். முந்தின நாள் முழுக்க அவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. நான் எல்லோருக்கும் முன்னால், எங்கட மாஸ்டர் ஊர்ல ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்குப் பத்து மாடு அறுப்பார், ஆப்பிரிக்கா மாட்டக் கண்டா மட்டும் சீட்டுக்கு அடியில ஒளிவார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு தனியாக அவரிடம், எங்கட புள்ள சுடுறது வீணாப் போகக் கூடாது, நீங்க கத்தியக் கையில வெச்சிக்கொண்டு கிட்ட நில்லுங்க என்றேன். அவர் போய் அந்த வேட்டை வழிகாட்டியிடம் கத்தியைக் கேட்டு வாங்கினார். உனக்கு இது தெரியாது, நீ அப்போது துவக்கோடு வேறு பக்கம் நின்றாய்.

நீ வண்டிக்கு வெளியே நின்று சுட்டாய், மாட்டைப்போன்ற அந்த வில்டபீஸ்ட் புல்லுக்குள் விழுந்தது. வழிகாட்டி கையை உயர்த்தி, ஒருவரும் அசைய வேண்டாம் என்று காட்டினான். அதற்குள் உன் சத்தம், வாப்பா, இன்னும் உசிர் ஈக்கி, கெதியா அறுங்க என்று. வாப்பா ஓடினார். விழுந்தது எழும்பி, கொம்பை அவருக்கு நேரே திருப்பியது. அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதத் தேவையில்லை, நீயும் நானும் அந்த வண்டியில் ஆஸ்பத்திரி வரைக்கும் அவரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்.

ஆனால் ஒன்று. வண்டியில் கதவோரம் இருந்தது நான். நீ சத்தம் போடுவதற்கு முன்பே வாப்பா இறங்கிவிட்டார் மகன். என்னைத் தாண்டித்தான் இறங்கினார், அவருடைய முழங்கால் பட்டு என் மடியில் இருந்த தேத்தண்ணிப் பிளாஸ்க் கீழே உருண்டது, நான் அதைக் குனிந்து எடுத்து நிமிரும்போதுதான் உன் குரல் கேட்டது. அப்போது அவர் ஏழெட்டு அடி போய்விட்டார். நீ வாயே திறக்காமல் நின்றிருந்தாலும் அவர் போயிருப்பார். நான் சொன்னதற்காகப் போனார், நான் எல்லோருக்கும் முன்னால் சிரித்ததற்காகப் போனார்.

உன்னை அங்கே விட்டுவிட்டு ஊருக்கு வந்த பிறகு, துக்கம் விசாரிக்கச் சனம் வந்தது. மாமி தன் தம்பியை இழந்த துக்கத்தில் வந்தவர்களிடமெல்லாம், மகன் கூப்பிட்டான், வாப்பா ஓடினார், பாவம் அந்தப் புள்ள என்று அழுதழுது சொன்னார். நான் வீட்டு மண்டபத்தில் கதிரையில் வெள்ளை உடுத்திக்கொண்டு இருந்தேன், தஸ்பீஹ் மணி உருட்டினேன். இல்லை என்று ஒரு சொல் வாயில் வரவில்லை. முதல் தடவை தைரியம் இல்லை, இரண்டாம் தடவை சந்தர்ப்பம் இல்லை என்று நினைத்தேன், பத்தாம் தடவை கேட்கும்போது அது ஊரின் கதையாகிப் போயிருந்தது. உனக்கு என்ன ஆகிறது என்று நினைக்காமல் நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். பெற்றவள் செய்யக் கூடாததைச் செய்தேன். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது, கெம்பஸ் படிப்பில் இரண்டாம் வருசம், உன்னைத் தூக்கவே பயப்படுவேன், வாப்பாதான் குளிப்பாட்டினார். இப்போது உனக்கு அதே இருபது. அந்த வயதின் தோளில் என் பாரத்தை ஏற்றிவிட்டு நாலு மாதம் இருந்தேன்.

இத்தா முடிய இன்னும் பதினொரு நாள். அன்றைக்கு மாமியும் சொந்தக்காரப் பெண்களும் துஆவுக்கு வருவார்கள். அந்த மண்டபத்தில் வைத்தே, உனக்கு எழுதியதை ஒரு சொல் விடாமல் அவர்களிடம் சொல்வேன். ஆஸிகாவுக்கு நேற்றே சொல்லிவிட்டேன். கேட்டதும் அவள் உன்னைத்தான் நினைத்தாள், நாநாக்கு முதல்ல செல்லுங்கும்மா என்றாள். நீ வாசலில் கால் வைக்கும்போது யாரும் உன்னை அந்தக் கண்ணால் பார்க்கக் கூடாது. பார்ப்பதென்றால் என்னைப் பார்க்கட்டும்.

மகன், என்னை மன்னி என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை, அதைக் கேட்க எனக்கு இன்னும் தகுதி இல்லை. கோபப்படு. என் மீது எவ்வளவு கோபம் வருகிறதோ அவ்வளவும் படு, அது எனக்கு உரியது. உன் மீது நீ கோபப்படாதே, அது உனக்கு உரியதல்ல. அல்லாஹ் உன் வாப்பாவின் கப்றை வெளிச்சமாக்கட்டும், உன் ஈமானையும் உடம்பையும் காப்பாற்றட்டும், தூரத்தில் இருக்கிற உன்னைப் பத்திரமாக இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன். உன் பாஸ்போட் மார்ச்சில் முடிகிறது, பார்த்துக்கொள். நீ இதைப் பிரிக்கும் இரவும் இஷா தொழுகைக்குப் பிறகு அழைப்பேன், அடுத்த இரவும் அழைப்பேன். பேச வேண்டாம். திட்டத் தோன்றினால் திட்டு, இல்லையென்றால் விடு. எடுத்துக் காதில் வைத்திரு, நீ அங்கே மூச்சு விடுவது எனக்குக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உண்மையைப் பிந்திச் சொன்ன உன் உம்மா,
நஸ்லியா தாஸிம்.