வலை கொடுத்தவர் கேட்ட கேள்வி

21-8-1983, ஞாயிறு

குரும்பகரம் வாலிபால் கிளப்பின் செயலாளர் என்பதால் இன்று அருள்தாஸிடமிருந்து வலையையும் பந்துகளையும் நான்தான் வாங்கினேன். பிரான்சில் சம்பாதித்துத் திரும்பியவர். சுற்றுவட்டாரக் கிளப்புகளுக்கெல்லாம் இப்படி வாங்கித் தருகிறார். டீக்கடையில் ஆளுக்கொரு பேச்சு. எலெக்‌ஷனில் நிற்கப்போகிறார் என்கிறார்கள் பாதிப் பேர். பணத்திமிர் என்கிறார்கள் மீதிப் பேர்.

எனக்கும் பொறுக்காமல் அவரிடமே கேட்டுவிட்டேன். "எங்களுக்கு ஏங்க இதெல்லாம் செய்யறீங்க?"

"நீங்க கோவிந்தராசு மகன்தானே?" என்றார். "உங்கப்பா கேப்டனா இருந்தப்ப, இதே கிரவுண்டுக்கு வெளியில நின்னு பந்து பொறுக்கிப் போட்டிருக்கேன். காலனிக்காரன்னு உள்ள விடல. இப்ப எங்க காலனிப் பசங்க எத்தனை பேரு உங்க டீம்ல ஆடறாங்க?"

ஒருவரும் இல்லை. அவர் கோபப்படவும் இல்லை, என் கையைக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார். வலையைக் கட்டுவதா, திருப்பிக் கொடுப்பதா என்றே புரியவில்லை. நாளை காலனிக்குப் போய் இரண்டு பேரைக் கூப்பிட்டு வந்தால் எத்தனை பேர் டீமை விட்டுப் போவார்களோ.

சாப்பிடும்போது அப்பாவிடம் அவர் பெயரைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"அவன் அடிச்சா ஒருத்தனாலயும் எடுக்க முடியாதுடா" என்றார்.

ஆடவே விடாத ஆளின் அடி அப்பாவுக்கு எப்படித் தெரியும்? கேட்பதற்குள் கை கழுவ எழுந்துவிட்டார். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.