டிரம்மில் ஊற்றிய மீதித் தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் மற்ற எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அப்பாவுக்கு இந்த வாரம் இரவு வேலை இல்லை. அறையில் விளக்கு எரிந்தால் எழுந்து வந்துவிடுவார் என்பதால் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். குழாய் சொட்டுகிற சத்தத்துக்கெல்லாம் கை நின்று போகிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

எங்கள் பள்ளித் தோட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? எட்டாம் வகுப்பில் ஆளுக்கொரு குழித்தட்டு, குழிக்கு ஒரு தக்காளி விதை. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் காகிதக் கோப்பையில் அவரை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டீச்சர் ஸ்கேல் வைத்து அளந்து, யார் நாற்று எவ்வளவு உயரம் என்று கரும்பலகையில் எழுதுவார்கள். மூன்று வாரமாக நான்தான் கடைசி. போன வெள்ளிக்கிழமை பின்பெஞ்சில் இருக்கிறவள், "என்னடி, உன் செடி லீவு லெட்டர் குடுத்துட்டுத் தூங்குதா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஸ்டோர் ரூமைத் திறந்தேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. "இவகிட்ட இருந்தா எனக்குக் கவலையே இல்ல" என்று சொல்லித்தான் டீச்சர் அதைக் கொடுத்தார்கள். உள்ளே யூரியா இருந்தது. பெரிய மரங்களுக்கே ஒரு வாளிக்கு ஒரு ஸ்பூன்தான் என்று பாடம் நடத்தியது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் இரண்டு டம்ளர் அள்ளிப் பூவாளியில் போட்டுக் கலக்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வளர்ந்துவிட வேண்டும் என்று ஒரு வெறி.

என் தட்டுக்குக் கால் பூவாளிகூடச் செலவாகவில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு சட்டம், மீந்த தண்ணீரைக் கீழே கொட்டக் கூடாது, டிரம்மில்தான் ஊற்ற வேண்டும். இரண்டு மாதமாக அப்படியே செய்து பழகிய கை. யோசிப்பதற்குள் கவிழ்த்துவிட்டது. டிரம்மின் அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் கிடந்தது. எட்டிப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. எல்லாச் செடிக்கும் சத்துதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை பள்ளிக் குழாயில் தண்ணீர் வராது. டிரம்மில் இருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். விடுமுறை நாட்களில் ஊற்றுவது ஒட்டடைக்குச்சி. பெயரைக் கேட்டுச் சிரிக்காதே, உயரமாக, ஒல்லியாக இருப்பாள். அவளே அந்தப் பெயருக்குத்தான் திரும்புவாள். எந்தப் பாடத்திலும் பாஸ் ஆகாதவள். ஆனால் கரும்பலகையில் அவள் நாற்றுதான் எப்போதும் முதலில்.

இன்று காலை போய்ப் பார்த்தால் எல்லா இலையும் அடுப்பில் காட்டிய காகிதம் மாதிரி ஓரம் கருகித் தொங்குகிறது. என்னுடையதும்தான். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இது எப்ப எழுந்திரிக்கும்?" என்று என்னைக் கேட்டது. மதியம் எழுந்துவிடும் என்று சொன்னேன்.

ஒட்டடைக்குச்சி உச்சி வெயிலில் ஊற்றியிருக்கிறாள் என்று டீச்சர் முடிவு செய்துவிட்டார்கள். அவள், காலையில் ஆறரைக்கே வந்து ஊற்றினேன் என்றாள். யாரும் நம்பவில்லை. நாளைக் காலைக் கூட்டத்தில் அவள் எல்லோர் முன்னாலும் நின்று குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் தோட்டத்துக்குள் வரக் கூடாது.

இது மட்டும் என்றால்கூட நான் தூங்கியிருப்பேனோ என்னவோ. சாயங்காலம் வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். "சனிக்கிழம லேட்டாதான் எழுந்திரிச்சேன் போலடி. எனக்கே சரியா ஞாபகம் வரல. உன் தட்டும் போச்சே, கோச்சுக்காதடி" என்றாள். எல்லோரும் சொல்லிச் சொல்லி, தான்தான் செய்தோம் என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல, விடு" என்றேன். அக்கா, நான் அவளை மன்னித்தேன்.

அப்பா அடிக்க மாட்டார். ஒரு வாரம் பேச மாட்டார். அதைவிட, டீச்சர் கையை நீட்டிச் சாவியைக் கேட்கும் அந்த நிமிடம்தான் எனக்குப் பயம். இப்போது மூன்று முறை எழுந்து நின்று, "டீச்சர், அது நான்தான்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு முறை பாதியில் நின்றுவிட்டது. மூன்றாவது முறை முழுதாக வந்தது. ஆனால் எதிரில் சுவர்தானே இருந்தது.

காலையில் கேட் திறந்ததும் அவள்தான் முதலில் வருவாள். அவளிடம் முதலில் சொல்லிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு டீச்சரிடம் போகலாம் என்று இருக்கிறேன். என் முகத்திலேயே அவள் விழிக்காமல் போனாலும் சரி. இப்போது இப்படி எழுதுகிறேன். விடிந்தால் என்ன ஆவேனோ தெரியவில்லை.

இது உன் விடுதிக்கு வந்து சேர நான்கு நாள் ஆகும். அதற்குள் நான் சொல்லியிருப்பேன், இல்லையென்றால் சொல்லாமலே இருந்துவிட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது, ஸ்கூல் எப்படிப் போகிறது என்று கேள். "நல்லாதான் போகுது" என்று நான் சொன்னால் போனை வைத்துவிடாதே அக்கா. இன்னொரு முறை கேள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை