பற்றிக் அண்ணைக்குச் சொல்லாமல் விட்டது

என் பற்றிக் அண்ணைக்கு,

இந்த எழுத்தை உங்களால் வாசிக்க முடியாது. ஆனால் மனம்விட்டுப் பேச எனக்குத் தமிழ்தான் வரும்.

நீங்கள் காத்திருந்த செய்தி வந்துவிட்டது. பெரிய வெள்ளியன்று நீங்கள் பிறந்த பெல்ஃபாஸ்ரில், சண்டையை நிறுத்தச் சமாதான ஒப்பந்தம் முடிவாகியது. "என்ரை காலத்திலை நடவாது தம்பி" என்று இறைச்சி வெட்டிக்கொண்டே சொல்வீர்கள். கண்ணை மூட இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா?

நாங்கள் இருவரும் வந்து குடியேறிய வோபர்னில் உங்கள் இறைச்சிக்கடைக்கும் என் பலசரக்குக் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உங்கள் நாட்டில் ஆங்கிலேயரிடம் காணி பறிபோன காலம், பஞ்சம், 1916 எழுச்சி, நாடு இரண்டானது என்று எல்லாவற்றையும் போன கிழமை நடந்ததுபோலச் சொல்வீர்கள். சனம் பட்டினியில் சாக, தானியக் கப்பல்கள் வெளியே போனதாம். "வியாபாரி விலை வாற இடத்துக்குத்தானே அனுப்புவான்" என்றேன். கத்தியை வைத்தீர்கள். "அப்ப நீ ஆருக்குக் கடை வைச்சிருக்கிறாய், காசுக்கோ சனத்துக்கோ?"

அந்த நாட்களில் ஊரைவிட்டுக் கப்பலேறுகிறவனுக்கு, இனித் திரும்பமாட்டான் என்று, உயிரோடு இருக்கும்போதே ஊர்கூடிச் செத்தவீடு செய்வார்கள் என்றும் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் மறுவளம். என்னை வழியனுப்பும்போது அழுதால் சகுனப்பிழை என்று அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. பிறகு அந்த முகத்தைப் பார்க்கக் கிடைக்கவேயில்லை.

உங்கள் செத்தவீட்டில் நானும் பிழைவிட்டேன். சவப்பெட்டிக்கருகில் உங்கள் வழக்கப்படி எல்லோரும் சாப்பிட்டுச் சிரித்துப் பேசினார்கள். நான் தண்ணீர்கூடத் தொடாமல், எங்கள் வழக்கப்படி ஒருவருக்கும் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன். உங்கள் மனைவி மோலி பிறகு என் கடைப்பக்கம் திரும்பவில்லை.

நேற்று ஒப்பந்தச் செய்தி வந்த பேப்பரோடு போய் மோலி அக்காவின் கதவைத் தட்டினேன்.

"இப்பதான் வழி தெரிஞ்சதோ?"

செத்தவீட்டில் 'போட்டு வாறன்' என்று, போய்வருவதாகச் சொன்னால் சாவு திரும்ப வரும் என்று எங்கள் ஆட்கள் பயப்படுவதை விளக்கினேன்.

"அந்த மனுசன் உன்னைத் தம்பி எண்டவர். அவருக்கு நீ ஒரு சொல்லும் சொல்லேல்லை" என்றார். பிறகு அழுதபடியே சிரித்தார். "எங்கடை ஆக்கள் போக முதலே அழுது முடிச்சிடுவினம். நீங்கள் சொல்லாமலே ஓடிடுவியள். நல்ல சோடி!"

தேநீர் ஊற்றித் தந்தார். குடித்தேன்.

உங்கள் ஊரில் சண்டை ஓய முப்பது வருஷம் எடுத்தது. எங்கள் ஊர்ச் சண்டைக்கு எத்தனை, அண்ணை?

ஒப்பந்தம் நிலைத்தாலும் குழம்பினாலும், ஒவ்வொரு பெரிய வெள்ளியும் மோலி அக்காவோடு உங்கள் கல்லறைக்கு வந்து உள்ளதை உள்ளபடி சொல்வேன். சகுனம் பார்த்துப் பட்டது போதும்.

அண்ணை, போட்டு வாறன்.

பக்கத்துக் கடைத் தம்பி,
குணம்