இரண்டாவது தொட்டியில் இருந்த பைன் கன்றுகள்

வரிச்சிக்குடி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் விஷ்ணுப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பின்லாந்துக் குளிரில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று அம்பகரத்தூர் அம்மனை வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தம்பி சிவக்குமார் பரீட்சை முடிந்து விடுதியிலிருந்து வந்துவிட்டான். போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிவிடுகிறேன், மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. இதைத் தம்பி படம் எடுத்து உனக்கு அனுப்புவான். திங்கட்கிழமை பேராசிரியரிடம் நீ கொடுக்கப்போகும் அறிக்கையை இதைப் படித்து முடிக்காமல் கொடுத்துவிடாதே.

உன் ஆராய்ச்சிக்காக, ஒரே பைன் விதை அங்கே எப்படி வளர்கிறது, இந்தக் கடலோர ஊரில் அறைக்குள் எப்படி வளர்கிறது என்று ஒப்பிட வேண்டும் என்றாய். விதையை ஈர மணலில் கலந்து ஆறு வாரம் பிரிட்ஜில் வைத்தாய், தயிருக்கு இடமில்லை என்று அம்மா முணுமுணுத்தாள். தேங்காய்நார் அடைத்த கிண்ணங்களில் முளைத்தபோது ஒவ்வொன்றும் விதை ஓட்டைத் தொப்பி மாதிரித் தலையில் வைத்துக்கொண்டு நின்றது. தொட்டிக்கு முப்பது, இரண்டு தொட்டிக்கும் சேர்த்து அறுபது கன்று என்று என்னிடம் ஒப்படைத்து, ஞாயிறுதோறும் உயரத்தை அளந்து சொல்லச் சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். மண்ணே இல்லாமல் உரம் கரைத்த தண்ணீரில் மரம் வருமா என்று உன்னைக் கிண்டல் செய்தவன் நான். நாற்பது வருஷம் நெல் போட்டவனுக்கு இந்த அறுபதைக் காப்பாற்றத் தெரியாதா என்ற எண்ணமும் இருந்தது.

புயல் வந்த வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. தண்ணீருக்குள் காற்று ஊதும் மோட்டார் நின்றால் வேர் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று நீ எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாய், எனக்குத் தெரியாமல் இல்லை. நான் வயலில் இருந்தேன். சம்பாப் பயிர் நுனி மட்டும் தெரிய முழுகிக் கிடந்தது, வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன். அம்மா போன் போட்டு, "பொண்ணோட மோட்டார் நின்னுபோச்சுங்க, கோட்டுச்சேரியில பந்தல் கடை அஜ்மீருகிட்ட ஜெனரேட்டர் இருக்கும், ஒரு எட்டு போயி எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். "இங்க பயிரு முழுவுது, அந்தச் செடிக்கு இப்ப என்ன அவசரம், வை போன" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தேன். அறைக்குள் ஒரே வெக்கை. அம்மா முதல் தொட்டிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள், அப்படியாவது காற்று கலக்கட்டும் என்று. நான் போனை வைத்த நேரத்திலிருந்து இதைத்தான் செய்திருக்கிறாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. "ஒரு தொட்டிக்குத்தாங்க எனக்குக் கை இருந்துச்சு" என்றாள். இரண்டாவது தொட்டியில் வேரெல்லாம் பழுப்பாகி, சாக்கடை வாடை அடித்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்ட் வந்தும் பயனில்லை, தண்டு அடியில் நூலாக மெலிந்து ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, "எல்லாம் நல்லாயிருக்காப்பா?" என்று கேட்டாய். "அறுவதும் நிக்குதும்மா" என்று வாய் சொல்லிவிட்டது. பயமா வெட்கமா, எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு முதல் தொட்டியின் அளவைப் பார்த்து, கொஞ்சம் கூட்டிக் குறைத்து, செத்த கன்றுகளுக்கும் உயரம் சொன்னேன். போன ஞாயிறு நீ, "எங்கப்பா விவசாயி, அவரே எடுத்த அளவுன்னு அறிக்கையில போட்டிருக்கேன்" என்றாயே, அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "செத்த செடிக்கு உசரம் சொல்றீங்களே, நாளைக்கு நாலு பேரு முன்னாடி நிக்கப்போறது அவதான்" என்றாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஐந்து நாளாகச் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை. இன்று காலை நானாகவே, எழுதிவிடுகிறேன், வந்து எண்ணு என்று கூப்பிட்டேன், வந்தாள்.

உயிரோடு இருப்பது முதல் தொட்டியில் இருபத்தேழு, இரண்டாவதில் நான்கு. புயலுக்குப் பிறகு இரண்டாவது தொட்டிக்கு நான் சொன்ன அளவு அத்தனையும் பொய், எல்லாவற்றையும் அடித்துவிடு. முதல் தொட்டியில் செத்த மூன்றுக்குச் சொன்னதையும் அடித்துவிடு. நாற்பத்து நான்கு மணி நேரம் மோட்டார் ஓடவில்லை, ஒரு தொட்டிக்கு மட்டும் கையால் தண்ணீர் ஊற்றியது என்பதையும் சேர்த்து எழுது. இரண்டாம் வருஷம் உன்னை அங்கே வைத்துக்கொள்வார்களா என்பது இந்த அறிக்கையில்தான் இருக்கிறது என்று தெரியும், தெரிந்தேதான் செய்தேன். கேட்டால் அப்பா பொய் சொன்னார் என்றே சொல், எனக்காக எதையும் மூடி மறைக்காதே. வயலில் பயிர் பிழைத்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

நீ நோய் நொடியில்லாமல், யார் முன்னாலும் தலை குனியாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். கையுறை போடாமல் வெளியே போகாதே. திட்டுவதென்றால் என்னைத் திட்டு, ஆனால் முதலில் அம்மாவைக் கூப்பிடு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உன் அப்பா,
நீலமேகம்